‘போதும்’ என்னும் மருந்து

“போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து” என்பது நம்மவர் வாயில் ஓயாமல் வழங்கும் பழமொழி. இதைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஈரோட்டிலும் இல்லை, ஈப்போவிலும் இல்லை. அளவற்ற ஆசைக்கு அணை போட வேண்டுமென்று எவரோ ஒரு பெரியவர் சொல்லி வைத்தது அது. அந்த அளவில் அதனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால், அந்த மருந்தை யார் யாருக்குப் புகட்டுகிறார்கள் என்று சற்றுக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நூறு ஏக்கர் உடையவன் இன்னும் இருநூறு ஏக்கர் வாங்கப் புறப்படும்பொழுது அவனிடம் எவரும் இப்பழமொழியை ஓதுவதில்லை. தோட்டத்துத் தொழிலாளி மகள் ஒருத்தி படித்துக்கொண்டே போகும்பொழுதுதான், ஆளுக்கு ஒரு கரண்டியாக இம்மருந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நானும் ஒரு கரண்டி எடுத்துச் சென்றவன். அதுவும் எவளிடம் என்றால், தானே மருந்தறிந்த ஒரு டாக்டரிடம்! அந்தப் பிழையை மறைக்காமல் எழுதிவிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோல சிலாங்கூருக்கும், இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடைப்பட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. என் தகப்பனாரும் கிராணியாகவே இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நகரத்தில் அத்தை வீட்டிலே தங்க வைத்து ஆங்கிலம் படிக்க வைத்தார். தமிழை நான் கற்றது பாட்டியின் மடியிலும், பிற்பாடு பத்திரிகைகளின் பக்கங்களிலுந்தான். ஆங்கிலம் எனக்கு மேசையும் நாற்காலியும் தந்தது. அதே ஆங்கிலம் எனக்கும் லயத்து வீடுகளுக்கும் நடுவே ஒரு வேலியையும் போட்டது. வேலி போடப்பட்டிருக்கிறது என்பதைக்கூட வெகுகாலம் நான் உணரவில்லை. வேலிக்கு உட்புறம் இருப்பவனுக்கு அது தோட்டத்து அழகாகவே தோன்றும் அல்லவா?

அப்பெண்ணின் தகப்பனார் எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். இளமையில் பால்மரம் சீவினார். பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை வந்த பிறகு குலை வெட்டினார். எங்கள் மாவட்டத்துக்கும் செம்பனைக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேதான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முறையாகச் செம்பனையை வாணிபப் பயிராக நட்டார். அந்த மரத்தின் மட்டையில் இருபுறமும் முள்ளிருக்கும். எண்ணெயைப் பற்றிப் பேசுவோர் முள்ளைப் பற்றிப் பேசுவதில்லை.

எட்டாண்டுகளுக்கு முன் அம்முள் ஒன்று அவருடைய சப்பாத்தைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிற்று. அவருக்கு அது தெரியவில்லை. மூன்றாம் நாள் சப்பாத்தில் நாற்றம் வந்த பிறகே தெரிந்தது. இந்நாட்டுத் தமிழர் ‘இனிப்பு நீர்’ என்று செல்லப் பெயரிட்டு அழைக்கும் நீரிழிவு பல ஆண்டுகளாக அவர் உடம்பில் குடியிருந்து, கால் நரம்புகளின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. வலியில்லாத புண்ணை எவர் மதிப்பார்? டிரசர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, “இது போதும், ஆறிவிடும்” என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டது அவ்வளவே. புண் ஆறவில்லை. பிறகு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அன்று அங்கே இந்நோயில் தேர்ந்த நிபுணர் எவரும் இல்லை. வேறோர் இடத்துக்கு எழுதி, பதில் வந்து, வண்டி வந்து சேர்வதற்குள் விரல் போதாதென்று பாதம் போயிற்று. பாதம் போதாதென்று முழங்காலுக்குக் கீழே கால் முழுவதும் போயிற்று.

அப்பொழுது அவர் மகள் மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவி. தகப்பனாரின் கால் போன சில மாதங்களுக்குப் பின், நோயாளியின் பாதத்தைச் சோதிக்கும் ஒரு முறையைப் பயிற்சியின்போது செய்து காட்டினார்களாம். ஒரு சிறு பிடியில் பொருத்திய நைலான் இழை. பத்துக் கிராம் அழுத்தத்தில் அது வளையும். உள்ளங்காலில் அதைச் சில இடங்களில் வைத்து அழுத்தி, “தெரிகிறதா?” என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால், அக்காலுக்கு அபாயம் காத்திருக்கிறது; இனி அதைக் கண்ணைப் போலக் காக்க வேண்டும் என்று பொருள். இதற்கு மின்சாரம் வேண்டாம். பெரிய இயந்திரம் வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். அந்த இழையைக் கையில் வாங்கியபோது தனக்கு அழுகை வரவில்லை, கோபமே வந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

பட்டம் பெற்று அவள் தோட்டத்துக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. கோவிலில் அர்ச்சனை, மாலை, மேளம், மானேஜர் கையால் ஒரு பரிசுப் பொட்டலம், என் கையால் எழுதி, நானே வாசித்த ஒரு வாழ்த்துரை. “நம் தோட்டத்தின் முதல் டாக்டர்” என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அன்று இரவே லயத்தில் பேச்சு மாறிவிட்டது. “படித்தது போதும், இனி நல்ல இடமாகப் பார்த்து முடித்து விடுங்கள்” என்றார் ஒருவர். “டாக்டருக்கு டாக்டர்தானே வரவேண்டும்? எவ்வளவு கேட்பார்களோ!” என்றார் இன்னொருவர். கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் அவளைச் சந்தைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அவள் எவருக்கும் பதில் சொல்லவில்லை. இரண்டாண்டு பயிற்சி டாக்டராக இருந்தாள்; பிறகு வேறொரு மாநிலத்து அரசாங்க மருத்துவமனையில் பணியேற்றாள். இருந்தும், அது நிலையான உத்தியோகமன்று. 2016ஆம் ஆண்டு டிசம்பர் முதல் புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தும் முறை இந்நாட்டில் வந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்தது என்னவென்று அறியாத நிலையிலேயே அவர்கள் கொரோனா நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். நிபுணராவதற்கான உதவித் தொகையும் சம்பளத்தோடு கூடிய படிப்பு விடுமுறையும் தங்களுக்கு எட்டவில்லை என்ற மனக்குறை முற்றி, 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த டாக்டர்கள் நாடெங்கும் மருத்துவமனைகளைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். டாக்டர்களும் வேலைநிறுத்தம் செய்வார்களா என்று எங்கள் ஆபீசில் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒப்பந்தம் என்ற சொல்லின் சுவை தெரியும். நம் பாட்டன்மார் வந்ததே அந்தக் கயிற்றில்தானே!

அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு மேற்படிப்புக்கான கதவு ஒப்பந்த டாக்டர்களுக்கும் ஓரளவு திறந்தது. ஆனால், கதவு திறந்தது என்பதனாலேயே உள்ளே போய்விட முடியாது. இந்நாட்டில் நிபுணராக வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல் பல்கலைக்கழகம் முதலியவற்றில் நான்கு ஆண்டு முதுநிலைப் படிப்பு. இதற்கு முதற்படியாக ‘மெடெக்ஸ்’ என்று சுருக்கமாக வழங்கும் பொது நுழைவுப் பரீட்சையில் தேற வேண்டும். தேறினால் இடம் கிடைத்துவிடும் என்பதில்லை, இடங்கள் அளவானவை, விண்ணப்பித்து, நேர்முகம் கண்டு, அரசாங்க உதவியும் பெற வேண்டும். மற்றொன்று, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள ராயல் கல்லூரிகளின் பரீட்சைகளை இங்கிருந்தபடியே வேலைக்கு நடுவே எழுதி முன்னேறுவது. கட்டணத்தை வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். இந்த வழியில் வந்த சிலருக்குப் பதிவு மறுக்கப்பட்டு, அது நீதிமன்றம் வரை போய், முடிவில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தையே 2024இல் திருத்த வேண்டி வந்தது.

தாய்நாட்டிலும் இந்த நுழைவாயில் சுலபமானதன்று. இந்தியா முழுவதும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட டாக்டர்கள் எழுதவிருந்த முதுநிலை நீட் பரீட்சை 2024 ஜூன் 23க்குக் குறிக்கப்பட்டு, முந்தின நாள் இரவிலே ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 11இல்தான் நடந்தது. பரீட்சை எழுத வெளியூர் போய் விடுதியில் தங்கியிருந்தவர்கள் அன்றிரவு என்ன நினைத்திருப்பார்கள்! ஆகவே மேற்படிப்பு என்பது ஆசைப்பட்டவுடன் கையில் விழும் பழமன்று. அதை நாடுகிறவருக்கு நாம் கொடுக்க வேண்டியது தைரியம். நாம் கொடுப்பதோ பழமொழி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஆபீசில் நான் மட்டும் இருந்தேன். அவள் விடுமுறையில் வந்தவள், நனைந்த குடையோடு வாசலில் நின்று, “அண்ணே, கொஞ்சம் ஸ்கேனர் வேண்டும். வீட்டில் இன்டர்நெட்டும் சரியாக எடுக்கவில்லை” என்றாள். உட்காரச் சொன்னேன். உறையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடியின்மேல் கவிழ்த்தேன். காகிதத்தோடு வாழ்கிறவன் நான். ஆயினும் அன்று போலக் காகிதத்தை நான் என்றும் படித்ததில்லை. பிறப்புச் சான்றிதழ்: தகப்பன் தொழில், மரம் சீவுதல். பள்ளிச் சான்றிதழ்: ஓரம் கறையான் அரித்தது. மருத்துவப் பட்டம். பயிற்சி முடித்த சான்று. மருத்துவ மன்றத்தின் முழுப் பதிவு. லயத்து வீட்டிலிருந்து அந்தப் பதிவுவரை ஒரு மனிதப் பிறவி ஏறி வந்த படிகள் ஐந்து தாள்களாக என் மேசையின்மேல் கிடந்தன.

விண்ணப்பத்தைத் திரையில் நிரப்பிக்கொண்டே வந்தாள். பொது உள்மருத்துவம் என்று துறையைக் குறித்தாள். அடுத்து ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டம் வந்தது. அவள் கை நின்றது. எனக்கோ நெஞ்சு நின்றது போலாயிற்று.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் தகப்பனார் கால் போன பிறகு நாற்றுமேட்டில் காவல் வேலை பார்த்து, அந்த மாதந்தான் அறுபது நிறைந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவர் மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்னும் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு முன்னரே நான் தட்டச்சு செய்து, மானேஜரிடம் கையொப்பமும் வாங்கிவிட்டேன். கொடுக்க மனம் வராமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதைக் கருணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம். மூன்று மாதத் தவணையில் இரண்டு வாரத்தை அவரிடமிருந்து நான் திருடிவிட்டேன் என்பதே கணக்கு. பிறந்து அறுபதாண்டு வாழ்ந்த மண்ணில் ஒரு வீட்டு எண்கூட அவருக்குச் சொந்தமில்லை. இது அவர் ஒருவருடைய கதையுமன்று. எங்களுக்குப் பக்கத்திலேயே மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபதாண்டுகளுக்கு மேல் கேட்டுக் கேட்டுக் களைத்ததை இம்மாவட்டம் அறியும்.

இழுப்பறைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நான் அறிவுரை சொல்லத் தொடங்கினேன். “இவ்வளவு படித்தது போதாதா அம்மா? இன்னும் நான்கு ஆண்டு, அதற்கு மேலும் சேவை என்று போய்விட்டால் வயதென்ன ஆகும்? ஒரு கிளினிக் வைத்தால் கை நிறைய வருமானம். அப்பாவுக்கு ஒரு வீடு பார். போதும் என்று நினைத்தால் எல்லாம் போதுந்தான்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “அப்பா காலில் முள் ஏறினபோது டிரசர் சொன்ன சொல்லும் இதுதான், அண்ணே. ‘இது போதும்’ என்றார்.”

அதற்கு மேல் என்னால் வாய் திறக்க முடியவில்லை. என் அறிவுரையை நானே பிரித்துப் பார்த்தேன். அவள் நலத்துக்காகவா சொன்னேன்? இல்லை. அவள் ஒரு வீடு வாங்கிவிட்டால் இழுப்பறையிலிருக்கும் கடிதம் என்னை உறுத்தாது, அதற்காகச் சொன்னேன். ‘போதும்’ என்று பிறருக்குச் சொல்கிறவர்களில் பலர், தமக்கு ஏதோ ஒரு சங்கடம் தீர வேண்டும் என்பதற்காகவே சொல்கிறார்கள். தாய்க்கு ஊர்வாய் அடங்க வேண்டும். உறவினருக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு வேண்டும். முதலாளிக்கு ஆள் வேண்டும். கிராணிக்கு மனச்சாட்சி தூங்க வேண்டும்.

கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். படித்தாள். “இது வரும் என்று அப்பாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சங்கடமாய் இருக்கும் என்று கேட்காமல் இருந்தார்” என்றாள். பிறகு, “இன்றைய தேதிக்கு இதுதானே அண்ணே எங்கள் முகவரி?” என்று சொல்லி, தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் அக்கட்டத்தில் எழுதினாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோட்டங்களில் மருத்துவம் வந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தேன். நூறாண்டுக்கு முன் இப்பகுதியில் மலேரியா மனிதரைக் கூட்டங் கூட்டமாக வாரிக்கொண்டு போயிற்று. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்னும் டாக்டர், கொயினா கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. காய்ச்சல் ஏன் வருகிறது, எந்தக் கொசு எந்த நீரில் முட்டையிடுகிறது என்று ஆராய்ந்து, சதுப்பு நிலங்களை வடித்து, கிள்ளானிலும் துறைமுகத்திலும் நோயை அடக்கினார். பிறகு தோட்டங்களுக்கும் அவ்வாராய்ச்சியை எடுத்துச் சென்றார். அதனால் தோட்ட முதலாளிகளுக்கும் ஆதாயம் இருந்தது உண்மையே. ஆயினும் உயிர் பிழைத்தவர் நம்மவர். மாத்திரைக்கு அப்பால் ஏன் என்று கேட்கும் கல்வியே மேற்கல்வி; அக்கல்வி பெற்ற ஒருவரால் விளையும் பயனுக்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்திலேயே, இங்கு பிறந்தவர்களும் டாக்டராக வேண்டுமென்று கேட்டவர்கள் உண்டு. தான் ஜியாக் கிம் என்பவர் முன்னின்று, பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்ததன்பேரில் 1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி பிறந்தது. 1916இல் அதன் பட்டத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ மன்றமும் ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் அங்கே தேறியவர்கள் வெகுகாலம் ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட பதவிகளிலேயே வைக்கப்பட்டார்கள். உங்களுக்கு இது போதும் என்பதே அதன் பொருள். பழமொழியை வெள்ளைக்காரனும் அறிந்திருந்தான் போலும்!

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார்கள். சம்பளத்தோடு, தக்க மருத்துவ வசதி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: ஐரோப்பியரையும் ஆசிய உத்தியோகஸ்தரையும் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆசிய உத்தியோகஸ்தர் யார்? கிராணிமார்தாம். என் நாற்காலியின் பூர்வோத்தரம் அது. படையை ஏவி, துப்பாக்கிச் சூட்டில் உயிர் பறித்து, அந்த வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். எனினும் அக்கோரிக்கைகளைக் கேட்டவர்கள் எழுதப் படிக்க அறியாத தொழிலாளர் பலர் என்பதை எண்ணும்போது, படித்த நான் சொன்ன ‘போதும்’ எவ்வளவு இழிந்தது என்று விளங்கிற்று.

இனி, ‘போதும்’ என்பாருடைய நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பெண்ணுக்கு வயதாகிவிடும் என்பது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகே, 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டு போராடி, 1954இல் அடையாற்றில் அதை நிறுவினார். பட்டம் போதும், பிள்ளைகள் போதும் என்று 1925இல் அவர் இருந்துவிட்டிருந்தால் நட்டம் யாருக்கு? அவர் ஒருவருக்கா?

இரண்டாவது, மேலே படித்தவர்கள் நகரத்துக்கும் தனியார் மருத்துவமனைக்கும் போய்விடுவார்கள். தோட்டத்துக்கு அதனால் என்ன லாபம் என்பது. இதில் உண்மையில்லாமல் இல்லை. கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங்கில் அரசாங்க மருத்துவமனை உண்டு. ஆயினும் நிபுணர்கள் நிறைந்த பெரிய மருத்துவமனைகள் கிள்ளானிலும் சுங்கை பூலோவிலுமே இருக்கின்றன. சபாக் பெர்ணம் பக்கத்தில் வாழ்பவருக்கு அத்தூரம் இன்னும் அதிகம். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து நிபுணர்களைக் குறைப்பதா, கூட்டுவதா? அதிலும் எவர் வீட்டிலிருந்து நிபுணர் வர வேண்டும்? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31.4 பேர். மூவரில் ஒருவர் வீதம் நம்மவர் உடம்பில் குடிகொண்ட நோயைத் தன் வீட்டிலேயே கண்டு வளர்ந்தவள், அதைத் தீரக் கற்க வேண்டும் என்கிறாள். அவளிடமா ‘போதும்’ என்பது?

மூன்றாவது நியாயம் என்னுடையது; அவளிடமே கேட்டேன். “ஐந்து நிமிஷச் சோதனையில், ஒரு நைலான் இழையில் காலைக் காப்பாற்றலாம் என்றால், அதற்கு நிபுணர் எதற்கு?” என்றேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “இழை எல்லா இடத்திலும் இருக்கிறது, அண்ணே. அதை வைத்துப் பார்க்கச் சொல்லும் அதிகாரந்தான் இல்லை. ஒப்பந்த டாக்டர் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். நிபுணர் சொன்னால் செய்வார்கள்.”

கல்வி என்பது அறிவு மட்டுமன்று. சொன்ன சொல் ஏறும் இடம் அது என்பதை ஆங்கிலம் படித்த என்னைவிட அவள் நன்றாக அறிந்திருக்கிறாள்.

ஆக, பரீட்சையை நான் குறை சொல்ல வரவில்லை. கடினமானதுதான், அதைத் திருத்துவதற்கும் நிறைய உண்டு. இருந்தும், அது விண்ணப்பிப்பவளின் தகப்பன் சைக்கிளைவிட்டு இறங்கினானா என்று கேட்பதில்லை. எவள் எவ்வளவு சீர் கொண்டு வருவாள் என்று கேட்பதில்லை. கேள்வியைக் கேட்கிறது, விடையைப் பார்க்கிறது. அந்த வாசலுக்கு வருமுன் நம்மவர் நாமே கட்டி வைத்திருக்கும் வாசல்கள்தாம் குறுகியவை. கல்யாணம் என்பது ஒரு வாசல்; கௌரவம் ஒரு வாசல்; ‘நம் தகுதிக்கு இது போதும்’ என்னும் பணிவு மற்றொரு வாசல். இவற்றைத் தாண்டுவதற்குள்ளேயே நம் பெண்கள் பாதிப் பேர் களைத்துப் போகிறார்கள்.

மறுவாரம் அவள் தகப்பனாரிடம் கடிதத்தை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தவணையை நீட்டும்படி ஒரு மனு எழுத வேண்டும், ஆபீசுக்கு வாருங்கள் என்றேன். வந்தார். செயற்கைக் காலோடு, வழக்கம்போல மேசைக்கு எதிரே நின்றார். “உட்காருங்கள், ஐயா” என்றேன். “இருக்கட்டும், கிராணியாரே” என்றார். இருபத்தைந்து வயது மூத்தவர்! மறுபடியும் சொன்னேன். கேட்கவில்லை. நானும் எழுந்து நின்றேன். இருவரும் நின்றபடி சற்று நேரம் விழித்துக்கொண்டிருந்தோம். பிறகு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மனுவை எழுதினேன், ஆறு மாதம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். இது பெரிய வெற்றியன்று என்பதை அறிவேன். வீடு இன்னும் பிரச்சினைதான். மகளின் பரீட்சைக்கும் இன்னும் நாளிருக்கிறது. இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறாளாம். தேறுவாளோ, இந்த முறை தவறுவாளோ, நான் சோதிடன் அல்லன்.

ஆனால், தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் திருவிழாவுக்கு வசூல் உண்டு. அதற்குக் கணக்கெழுதுகிறவன் நான், தொகை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும் புத்தகச் செலவும் தாராளமாக நடக்கும். 1905இல் 87,077 வெள்ளி திரட்டியவர்களும் மனிதர்களே. பட்டம் வாங்கிய அன்று மாலை போடுவது எளிது. மேலே படிக்கப் புறப்படும் அன்று, கையில் காசும் வாயில் நல்ல சொல்லும் கொண்டு போய் நில்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் வாயையாவது மூடிக்கொண்டிருங்கள். நான் இப்பொழுது அதைத்தான் பழகி வருகிறேன்.